பாஸ் ஆகாத பாஸ்

கறுப்புத் திரை. அதில் வெள்ளை எழுத்தில் சில வரிகள். ஒன்றில் விண்டோஸ் என்று இருக்கும். இன்னொன்றில் பாஸ் என்று இருக்கும். எது வேண்டுமோ அதற்கு அம்புக்குறியை நகர்த்தி என்டர் தட்ட வேண்டும். சில நொடிகள்தான் அவகாசம். சும்மா உட்கார்ந்திருந்தால் கம்ப்யூட்டரே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போய்விடும்.

2011 செப்டம்பர் 15-க்குப் பிறகு தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான வீடுகளில் சத்தமில்லாமல் நடந்த தேர்தல் இது. அன்றைக்குத்தான் திருவள்ளூர் பக்கம் காக்களூரில் முதல்வர் ஜெயலலிதா இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். ஐந்து வருடத்தில் 68 லட்சம் மாணவர்களுக்கு என்பது திட்டம். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி, பாலிடெக்னிக் என்று வரிசையில் நின்று வாங்கினார்கள். பெட்டியைத் திறந்தால் மூடியில் முதல்வர் படம். உள்ளே ஒன்றுக்கு இரண்டாக ஆபரேட்டிங் சிஸ்டம்.

உலகில் எந்த அரசாங்கமும் இத்தனை பிள்ளைகளின் கையில் இரண்டையும் ஒருசேரக் கொடுத்து ‘நீயே பார்த்து எடுத்துக்கோ’ என்று சொன்னதாக எனக்குத் தெரிந்து இல்லை. மைக்ரோசாஃப்ட் ஒரு பக்கம். சென்னையில் நம் ஆட்கள் செய்த பாஸ் மறுபக்கம். பின்னது ஓசி, தமிழ் பேசும், வைரஸ் தொல்லை குறைவு. ஜெயித்திருக்க வேண்டும் அல்லவா?

டெபாசிட் போயிற்று. ஏன் போயிற்று என்பதுதான் கதை.

அதற்கு முன்னால் பாஸின் பூர்வீகம். 1991 ஆகஸ்டில் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்கிற 21 வயது மாணவர், பொழுதுபோக்காக ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதிக்கொண்டிருக்கிறேன், பெரிதாக ஒன்றும் வராது என்கிற தொனியில் இணையத்தில் அறிவித்தார். அதுதான் லினக்ஸ். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம் என்று விட்டதால் ஊர் ஊருக்கு ஒரு லினக்ஸ் முளைத்தது. இட்லி மாவு மாதிரி. அரைத்து வைத்தது ஒன்றுதான். ஊற்றுகிறவர் கையைப் பொறுத்துத் தோசை, ஊத்தப்பம், பணியாரம். 1993-ல் அமெரிக்காவில் இயன் மர்டாக் ஊற்றிய தோசைக்கு டெபியன் என்று பெயர். காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து வைத்தது. காதலிக்குத் தாஜ்மஹால் கட்டியவர்கள் உண்டு. ஆபரேட்டிங் சிஸ்டம் கட்டியவர் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

அந்த டெபியனை எடுத்து, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியதுதான் பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். சுருக்கினால் பாஸ். 2007-ல் முதல் பதிப்பு வந்தது. பிறகு வந்த பதிப்புகளுக்குத் தேஜஸ், சாவிர், அனோகா, உன்னதி என்றெல்லாம் பெயர். செய்தது சென்னையில், ஒரு பதிப்புக்காவது முல்லை, குறிஞ்சி என்று வைத்திருக்கலாம். போகட்டும்.

சரக்கு ஒன்றும் மட்டமில்லை. மெனுக்களைத் தமிழில் மாற்றிக்கொள்ளலாம். தமிழில் டைப் அடிக்கத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். கடிதம் எழுத, கணக்குப் போட ஆபீஸ் மென்பொருள் உள்ளேயே உண்டு. மாணவர்களுக்கென்றே எடுபாஸ் என்று ஒன்று தயாரித்தார்கள். தனிம அட்டவணை, டைப்ரைட்டிங் பயிற்சி, இயற்பியல் சோதனைகள், சின்னப் பிள்ளைகள் படம் வரைய ஒரு பெயின்ட்... எல்லாம் அதில் அடக்கம். கடையில் தனித்தனியாக வாங்கினால் கணிசமாகச் செலவாகியிருக்கும்.

எதிரில் நின்ற வேட்பாளர் யார்? முதல் கட்ட லேப்டாப்களில் வந்தது விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். விண்டோஸ் குடும்பத்தின் கடைக்குட்டி, அதிலும் சவலைப்பிள்ளை. 2 ஜிபிக்கு மேல் நினைவகம் போட்டால் அதற்குப் புரியாது. டிவிடியில் படம் ஓட்ட வழி கிடையாது. எல்லாவற்றையும் விடக் கொடுமை, திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது. பதினேழு வயசுப் பையனிடம் கம்ப்யூட்டரைக் கொடுத்துவிட்டு, வால்பேப்பரில் உன் தலைவர் படத்தைப் போடக்கூடாது என்றால் எப்படி? பாஸில் அந்தத் தடை கிடையாது. நினைத்த படத்தை நினைத்த நேரத்தில் போடலாம்.

இப்போது மணமேல்குடிக்குப் போவோம். புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோரத் தாலுகா. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கட்டுமாவடியைத் தாண்டி, கோட்டைப்பட்டினத்துக்கு முன்னால் வரும். மீன், வலை, சிங்கப்பூர், துபாய் என்று பிழைப்பைத் தேடிக்கொண்ட ஊர்கள் சுற்றிலும். சரித்திரத்தில் மணமேல்குடிக்கு இன்னொரு முகவரி உண்டு. அறுபத்துமூன்று நாயன்மார்களில் ஒருவரான குலச்சிறையார் பிறந்த ஊர். மதுரையில் பாண்டியனுக்கு அமைச்சராக இருந்தவர். ராஜா சமணம், அமைச்சர் சைவம். அரசன் ஒரு பக்கம் போனாலும் தன் நம்பிக்கையை விடாத மந்திரி. இவரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படுவார்.

இங்கும் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு லேப்டாப் வந்தது. பல வீடுகளில் அதுதான் முதல் கம்ப்யூட்டர். அப்பா கடலில், அம்மா மீன் கூடையோடு சந்தையில், மகள் மடியில் லேப்டாப். பிரமாதமான காட்சி. அடுத்த நாள் என்ன நடந்தது?

அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் ஒருமுறை இதைக் கேட்டேன். சிரித்தார்.

‘‘கொண்டாந்து வச்சதும் மொத வார்த்தையே, அண்ணே அந்த கறுப்பு ஸ்கிரீன் வராம பண்ணிக் குடுங்கண்ணேம்பாங்க சார். பாஸை அழிச்சிட்டு, ஸ்டார்ட்டரையும் தூக்கிட்டு, அல்டிமேட் போட்டுக் குடுத்துருவேன்.’’

‘‘அல்டிமேட்டுக்கு லைசென்ஸ்?’’

‘‘சார், டீ சாப்பிடுறீங்களா?’’

இந்த டீக்குள் அடங்கியிருக்கிறது பாதிக் கதை. பாஸ் மோதியது மைக்ரோசாஃப்ட்டின் காசு கொடுத்து வாங்கும் விண்டோஸோடு அல்ல. தெருமுனையில் பிரியாணி காசுக்குக் கிடைக்கும் திருட்டு விண்டோஸோடு. ஓசி என்பதுதான் லினக்ஸின் பெரிய பலம் என்று உலகமெல்லாம் சொல்வார்கள். நம் ஊரில் எல்லாமே ஓசி. அப்புறம் அந்தப் பலத்துக்கு என்ன மரியாதை?

மீதிப் பாதிக் கதை இன்னும் சுவாரஸ்யம். அந்தப் பிள்ளை பாஸைத் திறந்தே பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பலர் திறந்தார்கள். திறந்து, பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்ததைச் செய்து பார்த்தார்கள்.

அப்போதைய பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடத்தில் சி ப்ளஸ் ப்ளஸ் உண்டு. பாடப் புத்தகத்து புரோகிராம்கள் எல்லாம் ‘ஐஓஸ்ட்ரீம் டாட் எச்’ என்று ஆரம்பிக்கும். கூடவே ‘கோனியோ டாட் எச்’ என்று ஒரு வரி. இவை டர்போ சி ப்ளஸ் ப்ளஸ் என்கிற, டாஸ் காலத்துப் பழைய மென்பொருளின் வழக்கம். நீலத் திரை வருமே, அது. பள்ளிக்கூட லேபுகளில் அதுதான் ராஜா. சி ப்ளஸ் ப்ளஸ் மொழியோ 1998-லேயே அந்தப் பழக்கத்தைக் கைவிட்டுவிட்டது. லினக்ஸில் உள்ள கம்பைலர் புது இலக்கணம் பேசுகிறது. புத்தகத்தில் இருக்கும் முதல் புரோகிராமை எழுத்துப் பிசகாமல் அடித்து ஓடவிட்டால், ‘அப்படி ஒரு ஃபைலே இல்லை’ என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிடும். விண்டோஸில் அதே புரோகிராம் சமர்த்தாக ஓடும்.

மாணவி என்ன நினைப்பாள்? அரசாங்கப் புத்தகம் தப்பா இருக்காது. சாரும் தப்பா சொல்ல மாட்டார். மிச்சம் இருப்பது ஒரே ஆள். பாஸ்தான் தப்பு.

ஒரு கையால் லினக்ஸைக் கொடுத்த அரசாங்கம், இன்னொரு கையால் லினக்ஸில் ஓடாத புத்தகத்தைக் கொடுத்தது. இரண்டு கையும் ஒரே உடம்பில்தான் இருந்தன. பேசிக்கொள்ளத்தான் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அதே பாடத்தின் முதல் தொகுதியில் மைக்ரோசாஃப்ட்டின் வேர்ட், எக்செல் கிடையாது. ஸ்டார் ஆபீஸ்தான் இருந்தது. பாஸோடு வந்த ஆபீஸ் மென்பொருளுக்கு அது உடன்பிறப்பு முறை. அதை யாராவது ஒருவர் வகுப்பில் சொல்லியிருந்தால், ‘அட, நம்ம படிச்சதுதான் இது’ என்று பாதிப் பயம் போயிருக்கும்.

அடுத்த அடி இணையத்தில் விழுந்தது. 2011-ல் மணமேல்குடி மாதிரி ஊரில் வீட்டுக்கு நெட் வேண்டுமானால் டாங்கிள்தான். பென் டிரைவ் மாதிரி இருக்கும், சிம் கார்டைச் செருகி லேப்டாப்பில் குத்த வேண்டும். விண்டோஸில் குத்தினால் தானாக ஒரு ஜன்னல் திறந்து, ‘கனெக்ட்’ என்று பட்டன் காட்டும். காரணம், டாங்கிளுக்கு உள்ளேயே விண்டோஸுக்கான மென்பொருளை வைத்துத்தான் விற்றார்கள். லினக்ஸில் குத்தினால் பல டாங்கிள்கள் தங்களை மோடம் என்றே சொல்லிக்கொள்ளாது. சிடி டிரைவ் என்று சொல்லும். அதை மோடமாக மாற்ற வழி உண்டு. அந்த வழியை நெட்டில் தேட வேண்டும். நெட் இல்லை என்பதுதானே பிரச்னையே! துபாயில் இருக்கும் அப்பாவை ஸ்கைப்பில் பார்க்க நினைத்த பிள்ளைக்கு இவ்வளவு பொறுமை எதற்கு?

மூன்றாவதுதான் எனக்கு ரொம்ப வலித்தது. தமிழ்.

பாஸ் பேசியது யூனிகோட் தமிழ். உலகமே ஒத்துக்கொண்ட முறை. எந்தக் கம்ப்யூட்டரிலும் அழியாது, உடையாது. ஆனால் அரசு அலுவலகங்களில் அப்போது அடித்துக்கொண்டிருந்தது வானவில் எழுத்துரு. டிடிபி கடைகளில் பாமினி இத்யாதி. இவை எல்லாம் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை ஒட்டி வைத்த ஏற்பாடு. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் கந்தரகோளமாக ஆங்கில எழுத்துகள் தெரியும். அலுவலகத்திலிருந்து வந்த தமிழ்ச் சுற்றறிக்கையை, தமிழுக்காகவே செய்த பாஸில் திறந்தால் தமிழ் தெரியாது. விண்டோஸில் தெரியும். கேட்கிறவன் சிரிப்பானா அழுவானா? யூனிகோடுக்கு மாற வேண்டும் என்று 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி அரசாணையே வந்துவிட்டது. ஆணை வந்தது, விரல்கள் பழைய இடத்திலேயே தட்டிக்கொண்டிருந்தன.

இத்தனைக்கும் தமிழில் கம்ப்யூட்டர் என்ற கனவை நம் ஆட்கள் அதற்குப் பத்து வருடம் முன்பே கண்டுவிட்டார்கள். 2000-களின் தொடக்கத்தில் லினக்ஸின் மெனுக்களைத் தமிழாக்க, கனடாவிலும் மலேசியாவிலும் சென்னையிலும் உட்கார்ந்து ராத்திரி ராத்திரியாக மொழிபெயர்த்தவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் சம்பளமில்லாத வேலை. ‘ழ கணினி’ என்ற முயற்சிக்கு எழுத்தாளர் சுஜாதா தோள் கொடுத்தார். ஃபைல் என்பதற்குக் கோப்பு, எடிட் என்பதற்குத் தொகு என்று ஒவ்வொரு சொல்லுக்கும் சண்டை போட்டுத் தீர்மானித்தார்கள். அந்த உழைப்பின் பலன்தான் பாஸில் வந்து உட்கார்ந்தது. ஆனால் பாருங்கள், டீக்கடையில் இருப்பவர்கூட ஃபைல் என்றுதான் சொல்கிறார். தமிழ் மெனுவைப் பார்த்த பிளஸ் டூ பையன் மிரண்டு, முதல் வேலையாக ஆங்கிலத்துக்கு மாற்றினான். கம்ப்யூட்டர் கற்பது வேலைக்காக. வேலை ஆங்கிலத்தில் இருக்கிறது. அவன் கணக்கு அவனுக்கு.

அப்படியானால் லினக்ஸ் நம் பள்ளிக்கூடத்துக்கு ஒத்தே வராதா? பக்கத்தில் கேரளா இருக்கிறது. 2001-ல் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கி, சில வருடங்களில் பள்ளிக்கூடங்களை முழுக்க லினக்ஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவர்கள் செய்தது இதுதான்: ஆசிரியருக்குப் பயிற்சி லினக்ஸில், பாடப் புத்தகம் லினக்ஸில், பத்தாம் வகுப்புக் கம்ப்யூட்டர் தேர்வும் லினக்ஸில். மாணவனுக்குத் தேர்ந்தெடுக்கும் கஷ்டமே வைக்கவில்லை. நம் ஊரிலும் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது சி.உமாசங்கர் ஐ.ஏ.எஸ். இதே வழியில் போனார். 2007 வாக்கில் தன் அலுவலகத்தையே முதலில் லினக்ஸுக்கு மாற்றினார். அரசுப் பள்ளிகளுக்கு வாங்கிய ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் சூசே லினக்ஸ் போட வைத்தார். பிறகு அவர் மாற்றப்பட்டார். ஓர் அதிகாரியோடு வந்த லினக்ஸ், அந்த அதிகாரியின் நாற்காலியோடு ஆட்டம் கண்டது.

கேரளாவரைகூடப் போக வேண்டாம். புதுக்கோட்டை மாவட்டத்திலேயே ஒரு பாடம் இருந்தது. 1990-களின் ஆரம்பத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்க வேண்டும். கிராமத்துப் பெண் சைக்கிளில் போனால் ஊரே கேலி பேசிய காலம். ஆயிரக்கணக்கில் கற்றார்கள். கல்குவாரித் தொழிலாளி, அங்கன்வாடி ஊழியர், நர்ஸ், பள்ளி ஆசிரியை என்று எல்லோரும். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. அதனாலென்ன என்று ஜென்ட்ஸ் சைக்கிளில் ஏறினார்கள். நடுவில் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம், அதுவே வசதி என்றார்கள்.

எந்த மாடல் என்பது அங்கே கேள்வியாகவே இல்லை. பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவர ஓர் ஆள் இருந்தது. நேற்றுக் கற்றவள் இன்று இன்னொருத்திக்குப் பிடித்தாள். பாஸுக்கு இல்லாமல் போனது அந்தச் சீட்டைப் பிடிக்கிற கை. பயிற்சி வகுப்புகள் நடக்காமல் இல்லை. ஆனால் மணமேல்குடியில் சாயங்காலம் ஆறு மணிக்கு லேப்டாப் மக்கர் செய்தால் போய்க் கேட்க, பக்கத்துத் தெருவில் பாஸ் தெரிந்த ஒரு அண்ணன் இல்லை. விண்டோஸ் தெரிந்த அண்ணன் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர்தான் நமக்கு டீ வாங்கிக் கொடுத்தவர். அவரிடம் யாராவது நாலு நாள் உட்கார்ந்து பாஸ் சொல்லிக் கொடுத்திருந்தால், அழிக்கிற கையே போட்டும் கொடுத்திருக்கும். அவருக்கு இரண்டும் தொழில்தானே!

பாஸுக்கு இன்னொரு வாய்ப்பும் வந்தது. 2014 ஏப்ரல் 8-ம் தேதியோடு விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நிறுத்தம் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தது. 2001-ல் பிறந்த எக்ஸ்பியில்தான் தாலுகா ஆபீஸ் முதல் ஏடிஎம் வரை ஓடிக்கொண்டிருந்தது. இனி அதில் ஓட்டை விழுந்தால் அடைக்க ஆள் கிடையாது. தமிழக அரசு, துறைகள் எல்லாம் பாஸுக்கு மாறலாம் என்று அறிவுறுத்தியது. அரசாணை சொல்வது ஒன்று. மேஜையில் இருப்பவர் மனசு இன்னொன்று. அங்கங்கே பாஸ் ஏறியது என்றாலும், பழைய வானவில் ஃபைல், அதற்கென்று எழுதிய பழைய மென்பொருள், விண்டோஸுக்கு மட்டுமே டிரைவர் கொடுத்த பிரிண்டர் எல்லாம் சேர்ந்து கையைப் பிடித்து இழுத்தன. குலச்சிறையாரைச் சொன்னேன் அல்லவா? ராஜா எந்த மதத்துக்கு மாறினால் என்ன, ஆபீஸுக்கு ஆபீஸ் ஒரு குலச்சிறையார் உள்ளுக்குள் விண்டோஸ் பூஜையை விடாமல் நடத்திக்கொண்டிருந்தார். நாயன்மார் மன்னிப்பாராக.

பாடப் புத்தகம் ஒருவழியாக 2018-ல் திருந்தியது. பிளஸ் ஒன்னில் விண்டோஸோடு உபுண்டு லினக்ஸையும் சேர்த்தே சொல்லிக் கொடுத்தார்கள். அடுத்த வருடம் பிளஸ் டூவில் பைத்தான் வந்தது. பைத்தானுக்கு லினக்ஸோ விண்டோஸோ எல்லாம் ஒன்றுதான். பாஸ் வந்து ஏழு வருடம் கழித்து, பாஸில் ஓடக்கூடிய புத்தகம்.

அந்த சர்வீஸ் கடைக்காரரைச் சமீபத்தில் மறுபடி பார்த்தேன். 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கும் ஆதரவு முடிந்துவிட்டது. பழைய லேப்டாப்களில் விண்டோஸ் 11 ஏறாது. மூடியில் படம் தேய்ந்துபோன ஒரு இலவச லேப்டாப் அவர் மேஜையில் பில் போட்டுக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். லினக்ஸ்.

‘‘என்னங்க இது, பாஸா?’’

‘‘பேரு ஞாபகமில்ல சார். யூடியூப்ல ஒரு பையன் தமிழ்ல சொல்றான். அதப் பாத்துப் போட்டேன். நல்லாத்தான் ஓடுது. பக்கத்துக் கடைக்கும் ஒண்ணு போட்டுக் குடுத்திருக்கேன்.’’